சீனிக்குப் பதிலாப் போடுற இனிப்பு: பாமசியில அடிக்கடி கேக்கிற கேள்விகள்

மட்டக்களப்பு டவுண் பக்கம் ஒரு பாமசியில வேலை செய்றன். கிளினிக் நாள்ல சீனி வருத்தத்துக்குப் போடுற மெட்போமினோட சேத்து அந்தச் சின்னப் போத்தல் இனிப்புக் குளிசையும் வாங்குற ஆக்கள் கூட, ஆனா வாங்கிட்டு நேராப் போக மாட்டாங்க, வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து "இதால ஒண்டும் வராதே?" எண்டு கேப்பாங்க. கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடி, கல்முனை எண்டு எங்க இருந்து வந்தாலும் கேள்வி ஒண்டுதான். அதுகள கேட்டவங்க கேட்ட மாதிரியே இதில போட்டிருக்கன். நான் டொக்டர் இல்ல, உங்கட வருத்தத்துக்கு உங்கட கிளினிக்ல சொல்றதுதான் முதல்.

"தம்பி, இந்தக் குளிசைக்குள்ள என்னதான் இருக்கு? சீனியத்தான் சுருக்கி வெச்சிருக்கானுகளா?"

இல்லம்மா, அதில சீனியே இல்ல. இது வேற சாமான், நாக்குல இனிப்பு தெரியிற இடத்தில போய் ஒட்டும், ஆனா சீனி மாதிரி ரத்தச் சீனிய ஏத்தாது. அஸ்பார்டேம் எண்டது சீனிய விட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பு, சக்கரின் 300 லிருந்து 400 மடங்கு, சுக்ரலோஸ் 600 மடங்கு, அதனாலதான் ஒரு கரண்டி சீனி போடுற இடத்தில அந்தப் பொடிக் குளிசை ஒண்டு காணும்.

இதுல பழசு சக்கரின்தான். 1879 ல அமெரிக்காவில ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில கொன்ஸ்டன்டின் ஃபால்பெர்க் எண்டவர் ஆய்வுகூடத்தில வேலை செய்துட்டு வந்து சாப்பிட இருந்தா பாண் இனிச்சிருக்கு, பாத்தா கையில ஒட்டியிருந்த சாமான். 1965 ல அஸ்பார்டேம் கண்டுபிடிச்சதும் கடதாசி எடுக்க விரல நக்கினதாலதான். கை கழுவாத ஆக்களாலயே ஒரு வியாபாரம் வளந்திருக்கு, என்ன செய்ய.

"நான் குளிசை ஒண்டும் போடுறல்ல, அப்ப எனக்கு இது சம்பந்தமில்லத்தானே?"

சம்பந்தம் இருக்கு. டயட் சோடா, சீனி இல்லாத சுவிங்கம், சில யோகட், ஜெலி, பவுடரா வாற பழக் குடிபானம், தண்ணியில போட்டா நுரைக்கிற விற்றமின் குளிசை, பிள்ளையளுக்குக் குடுக்கிற பாணி மருந்து, பல்லுத் தீட்டுற பேஸ்ட் எண்டு கனக்க இடத்தில இது இருக்கும். பேர எழுதாம நம்பர மட்டும் எழுதியிருப்பாங்க. 950 அசிசல்பேம், 951 அஸ்பார்டேம், 952 சைக்லமேட், 954 சக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. இது ஒரு கூட்டம். 420 சோர்பிடோல், 965 மோல்டிடோல், 967 சைலிடோல், 968 எரித்ரிடோல் எண்டு இன்னொரு கூட்டம் இருக்கு, அதுகள்ட குணம் வேற, பிறகு சொல்றன்.

எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், ஃபோனால படம் எடுத்துப் பெருப்பிச்சுப் பாருங்க. கடைக்காரன் முறைச்சா முறைக்கட்டும்.

"போத்தல்ல பச்சை வட்டம் இருக்கு, அப்ப பிள்ளைக்குக் குடுக்கலாம்தானே?"

அந்த வட்டம் நம்மட நாட்டில 2016 ஓகஸ்ட்ல வந்தது. 100 மில்லிலீற்றர்ல 11 கிராமுக்கு மேல சீனி இருந்தா சிவப்பு, 2 லிருந்து 11 வரைக்கும் செம்மஞ்சள், 2 க்குக் கீழ பச்சை. நல்ல சட்டம்தான், ஆனா அது எண்ணுறது சீனிய மட்டும். சீனிய எடுத்துப்போட்டு 950 யும் 955 யும் போட்டாலும் வட்டம் பச்சைதான். 2017 கடைசியில இனிப்புக் குடிபானத்துக்கு ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் எண்டு வரியும் போட்டாங்க, அப்ப சீனியக் குறைச்சா நிறமும் நல்லா வரும், வரியும் குறையும், கொம்பனிக்காரனுக்கு வேற என்ன வேணும்.

அதுக்காக பச்சைய விட சிவப்பு நல்லம் எண்டு விளங்கிக்காதீங்க. சிவப்பில 400 மில்லிப் போத்தல் ஒண்டு குடிச்சா 44 கிராமுக்கு மேல சீனி, அது ஒம்பது பத்துத் தேக்கரண்டி. நான் சொல்றது, பச்சை எண்டா "சீனி குறைவு", அவ்வளவுதான். பிள்ளைட தாகத்துக்குத் தண்ணி இருக்கு, இளநி இருக்கு, தேசிக்காய்த் தண்ணி இருக்கு.

"இதப் போட்டா கேன்சர் வருமாம் எண்டு வட்சப்ல வந்திச்சே?"

இந்தக் கதைக்கு ரெண்டு வேர் இருக்கு. ஒண்டு சக்கரின். 1970 கள்ல எலிக்கு அளவுக்கு மிஞ்சிக் குடுத்துப் பாத்ததில சிறுநீர்ப் பையில கட்டி வந்திச்சு, கனடா தடை போட்டிச்சு, அமெரிக்காவில பக்கற்ல எச்சரிக்கை எழுதச் சொன்னாங்க. பிறகு ஆராஞ்சு பாத்தா அந்தக் கட்டி வாறது ஆண் எலிட சிறுநீர்ல இருக்கிற சாமான்களோட சக்கரின் சேந்து துகளாகி பைய உராயிறதால, மனுசன்ட சிறுநீர் அப்படி இல்ல. 2000 ம் ஆண்டில அமெரிக்கா புற்றுநோய்ப் பட்டியல்ல இருந்து சக்கரின எடுத்துட்டாங்க. எடுத்த செய்தி வட்சப்ல வராது.

மற்றது அஸ்பார்டேம். 2023 ஜூலையில உலக சுகாதார ஸ்தாபனத்திட புற்றுநோய் ஆய்வு முகவரகம் அத "புற்றுநோய் உண்டாக்கக் கூடும்" எண்ட 2பி எண்ட கூட்டத்தில போட்டிச்சு. சாட்சி கொஞ்சம் இருக்கு, உறுதியாச் சொல்லக் காணாது எண்ட இடம் அது. முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே கூட்டத்திலதான் இருக்கு. அந்த நேரமே உணவுச் சேர்க்கைகளப் பாக்கிற மற்றக் குழு, அஸ்பார்டேமுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எண்டு முதல் சொன்ன அளவ மாத்தக் காரணம் இல்ல எண்டும் சொல்லிச்சு. ரெண்டு குழுவும் சண்டை பிடிக்கல்ல, முதலாவது பாக்கிறது "ஆபத்துக்கு இடம் இருக்கா" எண்டு, ரெண்டாவது பாக்கிறது "எவ்வளவு சாப்பிட்டா ஆபத்து" எண்டு.

இதில எனக்கு ஒரு ஆத்திரம் இருக்கு, சொல்லாம ஏலாது. வாய் நிறைய வெத்திலையப் போட்டுக்கிட்டு இந்தக் கேள்வியக் கேக்கிற ஆக்கள் இருக்காங்க. அதே முகவரகத்திட முதலாம் கூட்டத்தில, உறுதியாப் புற்றுநோய் வரும் எண்டு சொன்ன பட்டியல்ல, பாக்கும் இருக்கு, வெத்திலைக் கூட்டும் இருக்கு, போயில போட்டாலும் சரி போடாட்டியும் சரி. பயப்படுறதெண்டா முதல் அதுக்குப் பயப்படுங்க.

"சரி, அப்ப ஒரு நாளைக்கு எத்தின குளிசை போடலாம்?"

கணக்கு உங்கட நிறையிலதான். மேல சொன்ன ரெண்டாவது குழு அஸ்பார்டேமுக்கு வெச்ச அளவு ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். நீங்க 60 கிலோ எண்டா 2400 மில்லிகிராம். சாதாரணக் குளிசை ஒண்டில 20 மில்லிகிராம் இருந்தா (போத்தல்ல எழுதியிருக்கும், பாருங்க) 120 குளிசை. எவ்வளவு டீப் பைத்தியம் எண்டாலும் அந்தளவுக்குப் போக ஏலாது. சோடாவில பாத்தா, ஒரு டின்ல 200 லிருந்து 300 மில்லிகிராம் இருந்தா, 70 கிலோ ஆள் ஒருத்தர் நாளுக்கு 9 லிருந்து 14 டின் குடிச்சாத்தான் எல்லை தாண்டுவார் எண்டு அவங்களே கணக்குச் சொன்னாங்க.

சக்கரினுக்கு எல்லை சின்னது, கிலோவுக்கு 5 மில்லிகிராம். ஐரோப்பாவில 2024 ல அத 9 ஆக்கியிருக்காங்க. சின்னப் பிள்ளைட நிறை சின்னது எண்டதால இந்தச் சின்ன எல்லை பிள்ளையளுக்குத்தான் முக்கியம், ஐஸ்பக்கற் கேள்வியில திரும்ப வாறன்.

"இதப் போட்டா சீனி வருத்தம் இறங்குமா?"

இறங்காது. இது மருந்து இல்ல. பாமசியில விக்கிறதாலயும் குளிசை மாதிரி இருக்கிறதாலயும் கன பேர் மருந்தெண்டே நினைச்சிருக்காங்க, மெட்போமின நிப்பாட்டிட்டு இத மட்டும் போட்ட ஆக்களையும் கண்டிருக்கன். இதில உள்ள நன்மை ஒண்டுதான், நீங்க போடப்போற சீனி உள்ள போகாது. நாளைக்கு அஞ்சு பிளேன்டீ, ஒண்டுக்கு ரெண்டு கரண்டி எண்டா 40, 50 கிராம் சீனி. அது நிண்டா பெரிய விசயம்தான்.

ஆனா நடக்கிறது என்னெண்டா டீயில குளிசையப் போட்டுட்டு, "சீனி இல்லத்தானே" எண்டு பக்கத்தில நாலு பிஸ்கட். மத்தியானம் கோப்பை நிறையச் சோறு, ராவைக்கு பிட்டு. பிஸ்கட் பக்கற்ல "சீனி சேர்க்கப்படாதது" எண்டு பெரிசா எழுதியிருக்கும், ஆனா மா மாதானே, அது வயித்துக்குள்ள போய்ச் சீனியாத்தான் மாறும். பழச்சாறு போத்தல்ல அப்படி எழுதினா பழத்துட சீனி அப்படியே உள்ளுக்க இருக்கு எண்டு அர்த்தம். குளிசையால மிச்சம் பிடிச்சதச் சோத்தால குடுத்திடுறாங்க, என்ட அனுபவத்தில இந்த இனிப்பால வாற பெரிய கெடுதி இதுதான்.

"எனக்குச் சீனி வருத்தம் இல்ல, மெலியிறதுக்குப் போடலாமா?"

2023 மேயில உலக சுகாதார ஸ்தாபனம் இதுக்கு நேராவே பதில் சொல்லியிருக்கு, நிறையக் கட்டுப்படுத்திறதுக்கு இந்த இனிப்புகளப் பாவிக்க வேணாம் எண்டு. கொஞ்ச மாசத்தில நிறை கொஞ்சம் குறையுறதத் தவிர நீண்ட காலத்தில பிரயோசனம் தெரியல்ல, கன வருசம் பாவிச்சவங்கள்ல ரெண்டாம் வகைச் சீனி வருத்தமும் நெஞ்சு வருத்தமும் கொஞ்சம் கூடவா இருக்கு எண்டு சொன்னாங்க. இந்த அறிவுரை ஏற்கனவே சீனி வருத்தம் உள்ளவங்களுக்கு இல்ல, அத வட்சப்காரர் எழுதுறல்ல.

அந்த "கூடவா இருக்கு" எண்டதையும் கவனமா எடுக்கணும். ஏற்கனவே உடம்பு வெச்சவங்க, குடும்பத்தில வருத்தம் உள்ளவங்கதான் கூடவா இந்தப் பக்கம் திரும்புவாங்க, அதனால எது காரணம் எது விளைவு எண்டு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். அதனாலதான் அந்தச் சிபாரிசையே நிபந்தனையோட உள்ளது எண்டு போட்டிருக்காங்க.

"குடல்ல இருக்கிற நல்ல கிருமியக் கொல்லுமாம்?"

கொல்லுது எண்டு சொல்ல ஏலாது, மாத்துது எண்டதுக்குச் சாட்சி இருக்கு. 2014 ல இஸ்ரேல்ல வைஸ்மன் நிறுவனத்தில சக்கரின் குடுத்துப் பாத்து, சிலருக்குக் குடல் கிருமி மாறி ரத்தச் சீனியும் மாறுது எண்டு எழுதினாங்க. எல்லாருக்கும் அப்படி வரல்ல. உங்கட வீட்டில சீனி பாக்கிற மெசின் இருந்தா, குளிசை போட்ட கிழமையும் போடாத கிழமையும் எழுதி வெச்சு கிளினிக்ல காட்டுங்க, அது உங்களப் பத்தின சாட்சி.

"கித்துள் பாணி, பனங்கட்டி, தேன் இயற்கைதானே, தயிரோட அதத் தின்டா என்ன?"

எருமைத் தயிரும் பாணியும் வேணாம் எண்டு மட்டக்களப்பில இருந்துக்கிட்டு எப்படிச் சொல்றது! ஆனா சீனி வருத்தக்காரருக்கு இயற்கை எண்டது ஒரு சமாதானம்தான். பாணி, பனங்கட்டி, தேன் எல்லாத்திலயும் உள்ளது சீனிதான், கொஞ்சம் மணம், கொஞ்சம் தாதுப்பொருள் கூட. கடையில மலிவா வாற கித்துள் பாணியில சீனிப் பாகு கலந்திருக்கவும் கூடும். தின்டா ஒரு கரண்டி, அதுவும் சோத்தக் குறைச்ச நாள்ல. தயிர வெறுமனே தின்னப் பழகினா இன்னும் நல்லம், நல்ல தயிர்ல ஒரு இனிப்பு இருக்கு.

ஸ்டீவியாவும் இயற்கை எண்டு விக்கிறாங்க. செடியில இருந்து வாறது உண்மை, ஆனா அளவு வெச்சு அனுமதிச்சிருக்கிறது இலையில இருந்து சுத்தமாப் பிரிச்செடுத்த 960 ஐத்தான். வளவில வளர்ற இலையக் காய வெச்சு இடிச்ச தூளுக்கு அந்தக் கணக்கு ஒண்டும் இல்ல.

"பெருநாளைக்கு வட்டிலப்பம் செய்ற, இந்தப் பவுடரப் போட்டு அவிக்கலாமா ராசா?"

எந்தப் பவுடர் எண்டதப் பொறுத்தது உம்மா. அஸ்பார்டேம் சூட்டில உடைஞ்சு இனிப்புப் போயிடும், அதப் போட்டா வட்டிலப்பம் முட்டைப் புட்டிங் மாதிரி வெறுஞ்சப்பா இருக்கும். அவிச்சு ஆறின பிறகு சேர்க்கிற பாயாசம், சர்பத்துக்கு அது சரி. சக்கரின், அசிசல்பேம், ஸ்டீவியா சூடு தாங்கும், சக்கரின் கூடினா கடைசியில கசக்கும். சுக்ரலோஸும் அவிக்கிறதுக்குத் தாங்கும், ஆனா 120 பாகைக்கு மேல போற கேக் பேக் பண்றது, பொரிக்கிறதுக்கு வேணாம், அந்தச் சூட்டில குளோரின் சேந்த கூடாத சாமான் உண்டாகலாம் எண்டு 2019 ல ஜேர்மனியில உணவுப் பாதுகாப்பு நிறுவனம் சொல்லியிருக்கு.

இன்னொண்டு, வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி குடுக்கிறது இனிப்ப மட்டுமில்ல, நிறம், மணம், பதம் எல்லாம். அதனால என்ட அபிப்பிராயம், கருப்பட்டி போட்டே செய்ங்க, சின்னத் துண்டாத் தின்னுங்க.

"ஸ்கூல் வாசல்ல விக்கிற ஐஸ்பக்கற்ல சக்கரின் போடுறாங்களாமே?"

எல்லாரும் போடுறாங்க எண்டு நான் சொல்ல மாட்டன், வயித்துப் பிழைப்புக்கு ஒழுங்காச் செய்றவங்களும் இருக்காங்க. ஆனா சீனி விலை ஏறுற நேரத்தில சக்கரின் மலிவு, ஆசை வரும். லேபல் இருந்தா நம்பரப் பாக்கலாம், லேபலே இல்லாத பக்கற்ல யாருக்கு என்ன தெரியும். 15 கிலோ பிள்ளைக்கு மேல சொன்ன கிலோவுக்கு 5 கணக்கில 75 மில்லிகிராம்தான் எல்லை, கையால அள்ளிப் போடுற ஆள் அந்தக் கணக்குப் பாத்தா போடுறார்?

அதை விட எனக்குப் பயம் அந்தத் தண்ணியும் நிறமும்தான். கொதிக்க வெக்காத தண்ணியெண்டா வயித்தோட்டம் நாளைக்கே வரும். சந்தேகம் எண்டா உங்கட எம்ஓஎச் ஒஃபிஸ்ல (சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம்) பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கிட்டச் சொல்லுங்க, உணவுச் சட்டத்துக்குக் கீழ மாதிரி எடுத்து அனுப்புற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு.

"மகள் வயித்தில பிள்ளையோட இருக்கா, அவக்குக் குடுக்கலாமா?"

அளவோட எண்டா அஸ்பார்டேம், சுக்ரலோஸ் பிரச்சினை எண்டு காட்டல்ல. சக்கரின் நச்சுக்கொடியத் தாண்டிப் பிள்ளைக்கும் போகும், அதனால அத மட்டும் விட்டுடச் சொல்லிச் சொல்றவங்க இருக்காங்க, நானும் அதத்தான் சொல்றன். கர்ப்பத்தில சீனி ஏறியிருந்தா மிட்வைஃப் கிட்டயும் கிளினிக்லயும் கேக்காம நீங்களா ஒண்டும் மாத்தாதீங்க.

பீனைல்கீட்டோனியூரியா எண்டு பிறப்பிலயே வாற ஒரு அரிய வருத்தம் இருக்கு, அது உள்ளவங்களுக்கு அஸ்பார்டேம் சரி வராது, ஏனெண்டா அதுக்குள்ள இருக்கிற பீனைல்அலனின அவங்கட உடம்பால உடைக்க ஏலாது. பக்கற்ல "பீனைல்அலனின் அடங்கியது" எண்டு எழுதியிருக்கிறது அவங்களுக்குத்தான். மற்ற ஆக்கள் அதப் பாத்துப் பயப்படத் தேவையில்ல.

"வெளிநாட்டில இருந்து வந்த சீனி இல்லாத சொக்லட் தின்டு ராவெல்லாம் வயித்தால போச்சு, பழசா இருக்குமோ?"

பழசா இருக்காது. மேல நம்பர் சொல்லக்குள்ள இன்னொரு கூட்டம் எண்டு சொன்னன்தானே, சோர்பிடோல், மோல்டிடோல், அதுகள் குடல்ல முழுக்க உறிஞ்சப்படாது, மிச்சம் தண்ணிய இழுத்துக்கிட்டு காத்தும் உண்டாக்கும். ரெண்டு துண்டு தின்டா ஒண்டுமில்ல, பெட்டிய முடிச்சா இப்படித்தான். இதுகள் சீனியக் கொஞ்சம் ஏத்தவும் செய்யும், முழுசா இல்லாட்டியும்.

இந்தக் கூட்டத்தில எரித்ரிடோலப் பத்தி 2023 லயும் சைலிடோலப் பத்தி 2024 லயும் அமெரிக்காவில கிளீவ்லண்ட் கிளினிக்ல ஆராய்ச்சி வந்திச்சு, ரத்தத்தில அது கூடவா இருந்தவங்களுக்கு மாரடைப்பு, பாரிசவாதம் கூட வந்திருக்கு, ரத்தம் கட்டியாகிற தன்மையும் கூடுது எண்டு. எரித்ரிடோல உடம்பும் தானாச் செய்யும் எண்டதால இது முடிஞ்ச கதை இல்ல. ஆனாலும் ஏற்கனவே நெஞ்சு வருத்தம், ஸ்டென்ட் வெச்ச ஆக்களுக்கு அந்தப் பவுடர நான் எடுத்துக் குடுக்கிறல்ல, வேற இருக்கு, அத எடுங்க எண்டுதான் சொல்றது.

"வயித்தோட்டம் வந்தா ஜீவனி குடிக்கச் சொல்றாங்க, அதில சீனி இருக்கே, எனக்குச் சீனி வருத்தமே?"

குடிக்கணும். ஜீவனி மாதிரிக் கரைசல்ல ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், அது ருசிக்குப் போட்டது இல்ல, உப்பையும் தண்ணியையும் குடலுக்குள்ள இழுத்துக் குடுக்கிறதே அந்தக் குளுக்கோஸ்தான். வீட்டில உப்புத் தண்ணியில இனிப்புக் குளிசையப் போட்டுக் கரைச்சுக் குடிச்சா அந்த வேலை நடக்காது. சீனிய அடிக்கடி பாத்துக்கிட்டுக் குடிங்க, நிக்காட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்க.

"சீனி குறைஞ்சு கைகால் நடுங்கி வேர்த்தா இந்தக் குளிசைய வாயில போட்டாக் காணுமா?"

காணாது, ஒரு பிரயோசனமும் இல்ல. டயட் சோடாவும் அப்படித்தான். அந்த நேரம் வேணும் எண்டது அசல் சீனி, மூண்டு தேக்கரண்டிய தண்ணியில கரைச்சு உடனே குடுங்க, 15 நிமிசத்தில திரும்பப் பாருங்க, ஏறல்ல எண்டா இன்னொருக்கா. மயங்கின ஆளுக்கு வாயில ஒண்டும் ஊத்தாதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

நோன்பு பிடிக்கிற, வயலுக்குப் போற, தோணியில போற ஆக்கள் இன்சுலினோ சீனி வருத்தத்துக்கு மருந்துக் குளிசையோ பாவிச்சா சட்டைப் பையில சீனிப் பொட்டலம் ஒண்டு கிடக்கட்டும். வீட்டில சீனிய முழுசா ஒழிச்சு வெறும் இனிப்புக் குளிசை மட்டும் வெச்சிருக்கிற வீட்டில, இந்த நேரத்தில பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டி வரும்.

"காலைல வெறுவயித்தில ரத்தம் குடுக்கப் போக்குள்ள, குளிசை போட்ட டீ குடிச்சிட்டுப் போகலாமா?"

வேணாம். இனிப்புக் குளிசை சீனிய ஏத்தாட்டியும் டீயே ரிசல்ட்ட மாத்தலாம், பால் சேந்தா கேக்கவே வேணாம். பச்சத் தண்ணி மட்டும் குடிங்க. டீய ஃபிளாஸ்க்ல கொண்டு போங்க, ரத்தம் குடுத்திட்டு வெளிய வந்து குடிக்கலாம்.